நெஞ்சுக்கு ஆறாவது இடம்

விடிகாலை நாலரை மணிக்குக் கோயில் குளத்தில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு கொடிமரத்துக்கு முன்னால் படுத்தபோது எனக்கு பக்தி ஒன்றும் வரவில்லை. குளிர்தான் வந்தது. எனக்கு டைபாய்டு வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அம்மா நேர்ந்துகொண்டது இது. வேண்டிக்கொண்டவர் அவர், உருள வேண்டியவன் நான். கூட வந்த மாமா, "கையைத் தலைக்கு மேல கூப்பிக்கோ, கண்ணை மூடிக்கோ, மீதிய நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

மீதி என்று அவர் எதைச் சொன்னார் என்பது மூன்றாவது புரளலில் தெரிந்தது. மனித உடம்பு உருளை இல்லை. தோள் அகலம், கால் ஒடுக்கம். கூம்பு ஒன்றைத் தரையில் உருட்டினால் எப்படிக் குறுகிய பக்கம் வளைந்துகொண்டு போகுமோ, அப்படித்தான் உருளுகிறவனும் கால் பக்கமாக வளைந்து போவான். நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே சுவரில் போய் முட்டுவான். அதனால்தான் அங்கப்பிரதட்சணத்துக்குக் கூடவே இரண்டு பேர் நடக்கிறார்கள். ஒருவர் அவ்வப்போது காலைப் பிடித்துத் திருப்பிவிடுகிறார், இன்னொருவர் வழியில் கிடக்கும் கல்லையும் தேங்காய்ச் சில்லையும் ஒதுக்குகிறார். உருளுகிறவனுக்குத் திசை தெரியாது, தூரம் தெரியாது. கிழக்குப் பிராகாரம் முடிந்து தெற்கே திரும்பும்போது, அம்மா மேல் இருந்த கோபம், அன்றைக்குப் பிடிக்க வேண்டிய பஸ், முதுகில் ஒட்டிய மணல் எதுவும் என் நினைவில் இல்லை. அடுத்த புரளல் மட்டும்தான் இருந்தது.

இந்த மாதிரி வழிபாடுகளைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக ஒரு வரிசை வைத்துக்கொள்கிறோம். முதலில் உள்ளத்தில் பக்தி ஊறுகிறது, அது பெருகி வழிந்து உடம்பு வழியாக வெளிப்படுகிறது, அதுதான் ஆட்டமும் காவடியும் கும்பிடும் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோயிலுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. உடம்பு முதலில் போகிறது. மனசு, வந்தால், பின்னால் வருகிறது.

இதை நம் ஊரில் ரொம்பத் தெளிவாகச் சொல்லிவைத்தவர் ஏழாம் நூற்றாண்டின் அப்பர். அவருடைய திருவங்கமாலை ஒவ்வோர் உறுப்பாகக் கூப்பிட்டு வேலை கொடுக்கும் பதிகம். முதலில் தலை, அது வணங்க வேண்டும். அடுத்து கண், காது, மூக்கு, வாய். அதற்கெல்லாம் அப்புறம் ஆறாவதாகத்தான் நெஞ்சுக்கு முறை வருகிறது. நெஞ்சு முடிந்ததும் கை, உடம்பு, கால் என்று வரிசை தொடர்கிறது. நெஞ்சு அங்கே ராஜாவும் இல்லை, மற்ற உறுப்புகள் அதன் சேவகர்களும் இல்லை. வரிசையில் நிற்கும் உறுப்புகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு இது உறைக்கவில்லை.

அப்பர் வாழ்க்கைக் கதையும் அப்படித்தான் போகிறது. பெரியபுராணத்தில் அவர் கயிலைக்கு நடக்கிறார். கால் தேய்ந்ததும் கையால் ஊர்கிறார், கையும் ஓய்ந்ததும் மார்பால் நகர்கிறார், அதுவும் முடியாதபோது புரண்டு புரண்டு போகிறார். கடைசியில் கயிலைக்குப் போய்ச் சேரவில்லை, வழியில் ஒரு பொய்கையில் முங்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார், கயிலைக் காட்சி அங்கே கிடைக்கிறது. காரைக்கால் அம்மையாரோ காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனவர். சும்மா உட்கார்ந்து கண்ணை மூடித் தியானித்தால் போதாதா என்ற கேள்வி இந்தக் கதைகளைச் சொன்னவர்களுக்கு எழவே இல்லை போலிருக்கிறது.

சரி, கதையை விட்டுவிட்டு நடைமுறைக்கு வருவோம். கோயிலில் விழுந்து கும்பிடுவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) சைவர்களுக்காக எழுதிய கேள்வி பதில் நூலில் விளக்கியிருப்பதைப் படித்தால் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். ஆண்களுக்கு அட்டாங்க நமஸ்காரம். தலை, இரண்டு கை, இரண்டு காது, மோவாய், இரண்டு தோள் என எட்டும் நிலத்தில் பட வேண்டும். பெண்களுக்குப் பஞ்சாங்கம். தலை, இரண்டு கை, இரண்டு முழங்கால். இதோடு விட்டாரா? இல்லை. முதலில் தலை தரையில் பட வேண்டும், பிறகு மார்பு பட வேண்டும். வலது கையை முதலிலும் இடது கையை அடுத்தும் தலைக்கு நேரே நீட்ட வேண்டும், அதே வரிசையில் மடக்க வேண்டும். வலது தோள், பிறகு இடது தோள். வலது காது, பிறகு இடது காது. இப்படி மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்ற கணக்கில்தான் விழ வேண்டும். ஒரு தரம், இரண்டு தரத்தோடு எழுந்து போவது குற்றம்.

ஒரு முறை வீட்டுக் கூடத்தில் இதைச் சொன்னபடி செய்து பாருங்கள். முதல் தடவை எந்தக் கை, எந்தக் காது என்று தடுமாறும். இரண்டாவது தடவை கொஞ்சம் ஓடும். மூன்றாவது தடவை காது தரையில் படும்போது அதன் குளிர்ச்சி தெரியும், சொந்த மூச்சு தரையில் மோதித் திரும்புகிற சத்தம் கேட்கும். ஒன்று இரண்டோடு எழுந்து போகாதே என்று ஏன் சொன்னார்கள் என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். நாவலர் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை, இது என் ஊகம்தான். மூச்சைக் கவனி, அது உள்ளே போவதைப் பார், வெளியே வருவதைப் பார் என்று தியான வகுப்பில் சொல்வார்களே, அதே வேலையைத்தான் இந்த வலது இடது ஒழுங்கும் செய்கிறது. கவனத்துக்கு ஒரு முளைக்குச்சி அடித்துக் கொடுக்கிறது. மாடு சுற்றி வரலாம், அறுத்துக்கொண்டு ஓட முடியாது.

பிராகாரம் சுற்றுவதற்கும் இப்படி ஒரு வேக அளவு சொல்லியிருக்கிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணி, தலையில் எண்ணெய் நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பாளோ அப்படி. கேலிக்குச் சொன்னது மாதிரி இருக்கும். ஆனால் இதைவிடத் துல்லியமாக மெதுநடையைச் சொல்லிவிட முடியுமா? குடம் தளும்பக் கூடாது, கால் இடறக் கூடாது, வயிற்றுப் பாரம் வேறு. மூன்று கவலையும் ஒரே நேரத்தில் இருக்கிறவளால் வேறு எதையும் நினைக்க முடியாது.

திருவண்ணாமலையில் இருந்த ரமண மகரிஷியும் கிரிவலத்துக்கு இதே உவமையைத்தான் சொன்னார், நிறைமாத ராணியைப் போல நடக்க வேண்டும் என்று. அங்கே சுற்றுப்பாதை சுமார் 14 கிலோமீட்டர். வேகமாக நடந்தால் மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அவர் அன்பர்களோடு சுற்றிய காலத்தில் வழியெல்லாம் நின்று, உட்கார்ந்து, சமைத்துச் சாப்பிட்டு, ஒரு நாள் முழுக்கவும் சில சமயம் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டார்கள். உட்கார்ந்தபடி தன்னை விசாரி என்று சொன்னவராகத்தான் உலகம் அவரை அறிந்திருக்கிறது. அப்படிப்பட்டவர் 1926 வாக்கில் நிறுத்துகிற வரைக்கும் மலையைச் சுற்றிக்கொண்டே இருந்தார், வருகிறவர்களையும் சுற்றச் சொன்னார்.

பௌர்ணமி இரவில் இன்று அந்தச் சாலையில் ராணி மாதிரி நடக்க வழியில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு போகும். இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களுக்கும் இடையில் சுண்டல், கரும்புச்சாறு, ஒலிபெருக்கி, செல்ஃபி எல்லாம் உண்டு. பௌர்ணமிக்குப் போகாமல் சாதாரண நாளில் விடியுமுன் போனால் வேறு மலை. செருப்பில்லாத காலுக்குத் தார்ச்சாலையின் கரடுமுரடு ஒன்றொன்றாகத் தெரியும். நடைபாதைக் கல் வழவழப்பு, ஓரத்து மண்ணில் சரளை, மரத்தடியில் ஈரம். பாதி தூரத்துக்கு மேல் கால் சொல்வதைக் கேட்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. எனக்குக் கிரிவலத்தில் பிடித்த இன்னொரு சங்கதி, அதற்கு வாசல் கிடையாது என்பது. மலையைச் சுற்றி வருவது பொதுச் சாலை. உள்ளே யார் வரலாம், எதுவரை வரலாம் என்று நிறுத்திக் கேட்க வாசற்படி இல்லை.

காவடிக்கு இன்னொரு சக்தி வேண்டும், அது தாளம். இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கிவந்த இடும்பன் கதைதான் பழனிக் காவடிக்கு மூலம். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடிகள் பழனிக்கு நாள்கணக்கில் நடந்து வருகின்றன. தோளில் பாரம், காலில் கொப்புளம். ஆனால் மேளம் மாறினால் கால் மாறும், களைத்தவர் திடீரென்று ஆடத் தொடங்குவார். எது ஆடுகிறது என்று அவரையே கேட்டால் சொல்லத் தெரியாது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலுக்கு நான்கு கிலோமீட்டர் அளவுக்குக் காவடி போகும். அங்கே 1970களிலிருந்து ஊர்வலப் பாதையில் வாத்தியம் வாசிக்கத் தடை இருந்தது, 2016இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் வாசிக்க அனுமதித்தார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் பக்தர்களுக்கு அது பெரிய மனத்தாங்கல். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மேளம் ஒரு பக்கவாத்தியம். அலகு குத்திக்கொண்டு நடக்கிறவருக்கு அது ஊன்றுகோல்.

அலகு பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. மொரிசியஸ் தீவில் தமிழ் வம்சாவளியினரின் தைப்பூசக் காவடியைத் திமித்ரிஸ் சிகலதாஸ் என்ற மானுடவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவரும் கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அலகு குத்திக்கொண்டவர்களின் உடம்பைக் கருவி வைத்துக் கண்காணித்தபோது நீடித்த பாதிப்பு எதுவும் தென்படவில்லை. காவடி எடுத்த பிறகு தங்கள் வாழ்க்கை நலம் மேம்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். நாள்பட்ட நோய் உள்ளவர்களும் வசதி குறைந்தவர்களும்தான் அதிகமாக அலகு குத்திக்கொண்டார்கள் என்பது இன்னொரு முடிவு. ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்கள் எண்ணிக்கை சிறியது, இதை வைத்து மருத்துவம் பேசக் கூடாது. ஆனால் இந்தக் கடைசி முடிவு எந்தக் கோயில் வாசலில் நிற்கும் பூக்காரம்மாவுக்கும் தெரிந்ததுதான். யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவர்கள்தான் பெரிய காவடியைத் தூக்குகிறார்கள்.

யாழ்ப்பாணம் நல்லூர் முருகன் கோயிலின் 25 நாள் திருவிழாவில் காலையில் வீதிக்குப் போனால், மணலில் வரிசையாக ஆண்கள் உருண்டுகொண்டிருப்பார்கள். அதை அங்கே பிரதட்டை என்பார்கள். பெண்கள் உருளுவதில்லை, அடியழிக்கிறார்கள். அடி எடுத்து வைத்து, குனிந்து நிலத்தைத் தொட்டு வணங்கி, மறுபடி அடி எடுத்து வைத்து அந்த நீள வீதியைச் சுற்றுவார்கள். அடியழித்தல் என்ற சொல்லை வைத்து மட்டும் ஒரு பக்கம் எழுதலாம்.

நடனத்துக்கு வருகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறைக்கு மேல்தளத்துச் சுற்றில் சிவனே ஆடிக்காட்டுகிற கரணங்கள், அதாவது நாட்டிய நிலைகள், சிற்பமாக இருக்கின்றன. 108இல் 81 மட்டும் செதுக்கியிருக்கிறது, மிச்சத்துக்காகப் பதித்த 27 கல்லும் வெறுங்கல்லாகவே நிற்கின்றன. கடவுளே ஆடுகிறவர் என்றால் ஆட்டமே வழிபாடாவதில் அதிசயமில்லை. அதே கோயிலில் ராஜராஜன் கோயிலில் ஆடிப் பாடும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்ததைக் கல்வெட்டு பெயர் பெயராகச் சொல்கிறது.

அந்தப் பரம்பரையின் கடைசிப் பகுதி அவ்வளவு அழகானது இல்லை. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணச் சட்டம் ஒழித்தது. அதற்குப் பின்னால் இருந்த சுரண்டல் உண்மை, சட்டம் வேண்டியிருந்தது. ஆனால் ஆட்டம் சந்நிதியை விட்டு சபா மேடைக்குப் போனபோது, அதை ஆடிவந்த பெண்களில் பலர் கூடவே போக முடியவில்லை. போக முடிந்த ஒருவர் பாலசரஸ்வதி. 1975இல் சென்னைத் தமிழிசைச் சங்கத்தில் பேசும்போது அவர் பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையையே கோயிலாகச் சொன்னார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், சப்தம் பெரிய மண்டபம், வர்ணம் சந்நிதி. வாசலுக்கு வெளியே அனுப்பப்பட்ட ஆட்டத்துக்குள் அவர் கோயிலையே தூக்கி வைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

ஆண்கள் செய்யும் அரையர் சேவை மட்டும் சந்நிதியிலேயே தங்கிவிட்டது. ஸ்ரீரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் அரையர்கள் கூம்புக் குல்லாயும் கைத்தாளமுமாக, திவ்யப் பிரபந்தப் பாசுரத்தைப் பாடி அபிநயம் பிடிக்கிறார்கள். மார்கழி அத்யயன உற்சவத்தில் பார்க்கலாம். கூட்டம் சொர்க்கவாசலுக்குத்தான் வரும், இதற்கு இருக்காது.

துருக்கியின் கோன்யா நகரத்தில் சுழன்று சுழன்று ஆடும் மெவ்லவி சூஃபிகளுக்கும் ஏறக்குறைய, மேடைக்குப் போன அந்த ஆட்டத்தின் கதைதான். வலது உள்ளங்கை மேலே பார்க்க, இடது உள்ளங்கை கீழே பார்க்க, இடது காலை அச்சாக ஊன்றிச் சுழலுவது அவர்களின் செமா. 1925இல் துருக்கிக் குடியரசு சூஃபி மடங்களை மூடியது. 1950களில் செமா திரும்பி வந்தபோது, பண்பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில் மேடைக்குத்தான் வந்தது. டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவருக்கு அது நடனம். ஆடுகிறவருக்கு அது என்ன என்பதை மூன்றாம் வரிசை நாற்காலியிலிருந்து சொல்ல முடியாது.

உடம்பால் செய்யும் வழிபாடு எல்லாம் நல்லதே என்று நான் சொல்லவரவில்லை. கரூர் பக்கம் நெரூரில் சதாசிவ பிரம்மேந்திரரின் சமாதிக் கோயிலான அதிஷ்டானத்தில், மற்றவர்கள் சாப்பிட்ட எச்சில் இலைகள் மேல் உருளும் வழக்கம் இருந்தது. 2015இல் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2024இல் ஒரு நீதிபதி, உருளுகிறவரின் ஆன்மிக உரிமை என்று அனுமதித்தார். 2025இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. அனுமதித்த தீர்ப்பின் வாதம் எனக்குப் புரிகிறது, அவரவர் உடம்பு, அவரவர் வேண்டுதல். ஆனால் இலையில் சாப்பிட்டது யார், அதன் மேல் உருள்வது யார் என்ற கேள்வி நம் ஊரில் ஒருபோதும் வெறும் ஆன்மிகக் கேள்வியாக இருந்ததில்லை. தன்னைத் தாழ்த்திக்கொள்வது வேறு, தாழ்த்தப்படுவது வேறு. தரையில் கிடக்கிற உடம்பைப் பார்த்து இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை.

இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தானோ என்னவோ, இப்போது எல்லாவற்றுக்கும் விஞ்ஞானம் சொல்கிறார்கள். தோப்புக்கரணம் போட்டால் மூளை வளரும், காதுமடலில் நரம்பு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு முறை எனக்கு வருகிறது. காலுக்கு நல்ல உடற்பயிற்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோப்புக்கரணத்தின் கதை வேறு. விஷ்ணுவின் சக்கரத்தைக் குட்டிப் பிள்ளையார் வாயில் போட்டுக்கொண்டு தர மாட்டேன் என்கிறார். மிரட்டிப் பயனில்லை. விஷ்ணு கைமாற்றிக் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறார். பிள்ளையாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, சக்கரம் வாயிலிருந்து விழுகிறது. கையால் காதைப் பிடிப்பது என்ற பொருளில் வடமொழியில் 'தோர்பி கர்ணம்' என்றதுதான் தோப்புக்கரணம் ஆனது என்பார்கள். சாமியைச் சிரிக்க வைப்பதற்காகப் போடுவது அது. எங்கள் தெருமுனைப் பிள்ளையாருக்கு முன்னால், டியூஷன் பையைத் தோளில் மாட்டியபடியே மூன்று தோப்புக்கரணம் போட்டுவிட்டு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, அவர் சிரிக்காமல் எப்படி இருக்கிறார் என்றுதான் நினைப்பேன்.

அன்றைக்கு வடக்குப் பிராகாரம் முடிந்து, திரும்பவும் கொடிமரத்தடிக்கு வந்ததும் மாமா என் காலைத் தட்டி நிறுத்தினார். கண்ணைத் திறந்தேன். கோபுரம் இடது பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்காதில் இருக்கும் நீர், உடம்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சுழலும், அதனால் கண்ணுக்கு உலகம் சுற்றுகிறது. இதைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன், அப்போது ஞாபகம் வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் வேறு எங்கோ போனது. பக்கத்தில் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தவர், யாரென்றே தெரியாதவர், என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"அவசரப்படாதீங்க தம்பி. கோயில் நிக்கட்டும்."